தூண்டில் முள்ளும் எட்டாம் நாளும்

(இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

கல்வராயன் மலையில் பெய்கின்ற மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் பிரிந்து இறங்கி, ஆளுக்கோர் அணையில் சற்றே இளைப்பாறி, நம் கரும்புக்கும் நெல்லுக்கும் பாய்ந்தது போக மிச்சமானது வெள்ளாற்றுக்குப் போய்ச் சேர்கிறது. கோமுகி அணையின் உயரம் 46 அடி. அது நிறைந்ததா, நிறையவில்லையா என்பதுதான் கச்சிராயபாளையத்துப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தேநீர்க் கடைகளில் பேசப்படுகிற தலையாய அரசியல். தண்ணீர் வந்துவிட்டால் மீனும் வந்துவிடும். மீன் வந்துவிட்டால் ஒரு மூங்கில் குச்சி, பத்து முழம் தங்கூஸ் நரம்பு, மிதப்பதற்கு மயிலிறகுக் காம்பு, ஈரமண்ணில் தோண்டி எடுத்த மண்புழு, ஒரு தூண்டில் முள் இவ்வளவும் வைத்திருப்பவன் எங்கள் பக்கத்தில் சிற்றரசன்.

இவற்றில் முதல் நான்கையும் நாமே செய்துகொள்ளலாம், அல்லது தேடிக்கொள்ளலாம். முள்ளை மட்டும் கடையில்தான் வாங்கவேண்டும். நார்வே நாட்டு மஸ்டாட் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலிருந்து செய்துவரும் பொருள் இது. கடைக்காரரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்கவேண்டும். அந்த எண்ணில் ஒரு வேடிக்கை உண்டு. எண் கூடக்கூட முள் சிறுக்கும். பதினாறாம் எண் முள்ளைக் காட்டிலும் எட்டாம் எண் முள் பெரிது. வாழ்க்கையில் எண் பெரிதானால் பொருளும் பெரிதாகும் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு முதல்முறை கடையில் குழப்பம்தான்.

முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக, உடம்பிலிருந்தே செதுக்கி நிமிர்த்திய ஒரு சின்ன எதிர்முள் இருக்கும். கண்ணுக்கு அரிசிக் குருணை அளவுகூட இராது. ஆனால் தூண்டிலின் வித்தை முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. நுனி உள்ளே போகும்போது எதிர்முள் சாய்வாகச் சறுக்கிக்கொண்டு கூடவே போய்விடும். திரும்பி வரும்போது சதையில் குறுக்கே மாட்டி நின்றுவிடும். விசைக்கு அளவு மட்டுமன்று, திசையும் உண்டு என்று முதலாம் ஆண்டில் நமக்குக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். அந்த அம்புக்குறிக்கு உயிருள்ள சதையில் என்ன பொருள் என்பதைச் சென்ற மார்கழியில்தான் பார்த்தேன்.

கல்வராயன் மேலே, வெள்ளிமலைப் பாதையிலிருந்து உள்ளே தள்ளி, அப்பாவின் நண்பர் ஒருவருக்குக் கொஞ்சம் மரவள்ளிக் கொல்லை இருக்கிறது. ஓரத்தில் ஓர் ஓடை. அப்பா கரும்பு வெட்டுக்குப் போகிறவர். வெட்டுப் பருவம் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் ஓய்வு கிடையாது என்பதால், அதற்கு முன் ஒருநாள் மலைக்குப் போய் நண்பரைப் பார்த்துவிட்டு, ஓடையில் தூண்டில் போட்டுவிட்டு வருவது அவருடைய வழக்கம். இம்முறை நானும் போயிருந்தேன். முன்பணம் வாங்கியாகிவிட்டது, இரண்டு நாள் கழித்து முதல் வெட்டு.

பிற்பகலில் உள்ளங்கை நீளத்தில் ஒரு கெண்டை மாட்டியது. அப்பா இடக்கையில் மீனைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் முள்ளைக் கழற்றினார். கழன்ற அதே நொடியில் மீன் துள்ளியது. மீனின் வாயிலிருந்த முள் அப்பாவின் ஆள்காட்டி விரலுக்கு மாறிவிட்டது. மீன் பாறையில் ஒருமுறை விழுந்து, ஓடையில் மறுமுறை விழுந்து, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

இரத்தம் அதிகம் வரவில்லை. முள்ளின் வளைவில் பாதி விரல் நுனிச் சதைக்குள் மறைந்திருந்தது. அப்பா ஒருமுறை இழுத்துப் பார்த்தார். தோல் கூடாரம்போல் எழும்பியதே தவிர முள் அசையவில்லை. அவர் முகத்தில் வியர்வை பொடித்தது. "கொறடு இருந்தா எடுத்தாங்கண்ணே, ஒரே இழுப்பு" என்றார் நண்பரிடம். நண்பர் கொறடு எடுக்கப் போகவில்லை. அப்பாவின் மோதிர விரலில் கிடந்த செப்பு மோதிரத்தைக் காட்டி, "மொதல்ல அதக் கழட்டு. வீங்கிப்போச்சின்னா அப்புறம் அதுக்கு வேற அரம் தேடணும்" என்றார். சோப்பு நுரையைத் தடவி அதை உருவி எடுத்தோம். எத்தனை அருமையான யோசனை அது என்பதை மாலையில் அந்தக் கை வீங்கியிருந்ததைப் பார்த்தபோது உணர்ந்தேன்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். "படிக்கிற புள்ள, அவன் சொல்லட்டும்" என்றார் நண்பர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படி மிதித்த முதல் ஆள் நான் என்பதால் இப்படிப்பட்ட தீர்ப்புகள் அடிக்கடி என் தலையில் வந்து விழுகின்றன. மின்சாரக் கட்டண அட்டையிலிருந்து மாத்திரை உறை வரை நான்தான் படித்துச் சொல்லவேண்டும். தூண்டில் முள்ளைப் பற்றி எந்தத் தாளிலும் வினா வந்ததில்லை. ஆனால், வந்த வழியே இழுத்தால் எதிர்முள் சதையைக் கிழிக்கும் என்பதற்குத் திசையன் கணக்கே போதும். "இழுக்க வேணாம்ப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றேன். நரம்பை அறுத்துவிட்டு, முள் ஆடாதபடி அதன் காம்பை விரலோடு சேர்த்துத் துண்டுக் கிழிசலால் கட்டினோம். டி.வி.எஸ். வண்டியில் அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து மலைப்பாதையில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "நாளான்னிக்கு வெட்டுடா."

வழியில் வீட்டில் பணம் எடுத்துக்கொள்ள நின்றோம். அங்கேதான் எதிர்பாராதது நடந்தது. அப்பாவைப் பெற்ற ஆயா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விரலைக் கண்டதும் எழுந்து வந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கைகள் நடுங்கியதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "முள்ளு ஏறிடுச்சா? முள்ளா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். "தூண்டி முள்ளும்மா, ஒண்ணுமில்ல" என்று அப்பா சொல்லியும் விடவில்லை. கடைசியில் ஆயாவையும் சமாதானம் செய்துவிட்டுப் புறப்பட்டோம்.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். முதலில் முள்ளைத் தொடவே இல்லை. விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், நுனியில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். விரலின் இரு ஓரங்களிலும் நரம்புகள் ஓடுகின்றன, அடியில் விரலை மடக்கும் தசைநாண் இருக்கிறது, அவற்றில் முள் ஏறியிருந்தால் கதை வேறு என்றார். பிறகு விரலின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மரப்பூசி ஊசிகள். சில நிமிடங்களில் விரல் அப்பாவுடையதாகவே இல்லை.

அதன்பின் அவர் செய்தது எனக்கு அந்த நாளின் பெரிய பாடம். முள்ளைப் பின்னால் இழுக்காமல், அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே மேலும் தள்ளினார். வளைவின் போக்கில் நுனி தோலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்தது. எதிர்முள்ளும் வெளியே வந்தது. இனி அதை நறுக்கிவிட்டால் மிச்சம் வெறும் வளைந்த கம்பி, வந்த வழியே வழுக்கிக்கொண்டு திரும்பிவிடும். ஆனால் நறுக்குவதற்கு அங்கே இருந்த கத்தரி எதுவும் அந்த எஃகுக்குமுன் நிற்கவில்லை. எதிரே இருந்த மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு என்னை ஓடச் சொன்னார்கள். கட்டிங் பிளேயரைக் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நறுக்கும் நுனி தெறித்து யார் கண்ணிலும் பட்டுவிடாதபடி மேலே துணியை மூடிக்கொண்டு 'டக்'கென்று நறுக்கினார். முள் வெளியே வந்துவிட்டது. பட்டறைக்காரர் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது, தானே அறுவை செய்துவிட்டு வந்தவர்போல் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

முள்ளை எடுக்க வேறு வழிகளும் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அவற்றில் ஒன்று என்னைப் போன்ற இயற்பியல் மாணவனைத் தூங்கவிடாதது. முள்ளின் வளைவில் ஒரு கெட்டி நூலைச் சுற்றிக்கொள்ள வேண்டும். முள்ளின் காம்பை, அதாவது நரம்பு கட்டும் முனையை, தோலோடு ஒட்டும்படி விரலால் அழுத்தவேண்டும். அப்படி அழுத்தினால் உள்ளே நுனி சற்றே திரும்பி எதிர்முள் சதையின் பிடியிலிருந்து விலகுகிறது. அந்த நிலையிலேயே நூலைத் தோலுக்கு இணையாகப் பின்பக்கம் ஒரே வெட்டாக வெட்டி இழுத்தால் முள் பறந்து வந்துவிடும். 1961இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் இந்த நூல்முறை பற்றிய கட்டுரை வந்திருக்கிறது. மெதுவாக இழுப்பது இதில் உதவாது. குறுகிய நேரத்தில் பெரிய விசை வேண்டும். முள் பறக்கும் பாதையில் யாரும் நிற்கவும் கூடாது.

நம்பாமல், கோழிக்கடையில் தோலோடு ஒரு கால் வாங்கிவந்து செய்து பார்த்தேன். காம்பை அழுத்தாமல் இழுத்தபோதெல்லாம் தோல் கிழிந்தது. அழுத்திக்கொண்டு இழுத்தபோது பெரும்பாலும் சுத்தமாக வந்தது. அந்தக் காலை அம்மா குழம்பில் சேர்க்க மறுத்துவிட்டார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த முறை கை, விரல்போல் ஆடாமல் பிடிக்கக்கூடிய இடத்தில் மேலாகக் குத்திய ஒற்றை முள்ளுக்குத்தான். காது மடல்போல ஆடும் இடத்துக்கு ஆகாது. கண்ணிலோ கண்ணருகிலோ குத்தியிருந்தால் எந்த முறையும் வேண்டாம். தொடாமல், அழுத்தாமல், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

முள் வந்ததும் அப்பா எழுந்துவிட்டார். மருத்துவர் உட்காரச் சொன்னார். "முள்ளு பெருசில்லை. அது போட்ட ஓட்டைதான் பெருசு. டி.டி. ஊசி கடைசியா எப்பப் போட்டீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்குப் போட்ட நினைவே இல்லை. அப்படியானால் ஒரு கையில் தடுப்பூசி. மறு கையில் உடனே வேலை செய்யும் எதிர்ப்பொருள் ஊசி. நான்கு வாரம் கழித்து ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று சீட்டில் எழுதினார். (முன்பு ரண ஜன்னிக்கு மட்டுமாக இருந்த தடுப்பூசிக்குப் பதிலாக இப்போது தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் பழையதும் டி.டி., புதியதும் டி.டி. நல்லவேளை, ஊசிக்குத் தமிழ் தெரியாது.)

இரும்பின் துருவால் வருவதுதான் ரண ஜன்னி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். துருவுக்கு அதில் பங்கில்லை. மண்ணிலும் சாணத்திலும் விதைபோல் உறங்கிக்கிடக்கும் ஒரு நுண்ணுயிர் அதற்குக் காரணம். காற்றுப் படாத இடம் கிடைத்தால்தான் அது விழிக்கும். அகலமான வெட்டுக் காயத்தைவிட, மேலே மூடிக்கொண்டு ஆழமாய்ப் போகும் ஊசித்துளைக் காயம் அதற்கு வசதி. அங்கிருந்து அது விடும் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடம் வரை ஏறி, தசைகளை 'போதும், தளர்ந்துகொள்' என்று அடக்கும் கட்டளையைத் தடுத்துவிடுகிறது. அடக்குவார் இல்லாத தசைகள் இறுகிக்கொண்டே போகின்றன. பெரும்பாலும் முதலில் தாடை. பிறகு கழுத்து, முதுகு. சிறு ஓசை, சிறு வெளிச்சம்கூட உடம்பை வில்லாக வளைத்துவிடும். காயம்பட்டு மூன்று நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் தொடங்கும். பெரும்பாலும் எட்டாம் நாள் வாக்கில். ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் இந்நோய்க்கு எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை. அவரும் ஊசி போட்டுக்கொண்டே ஆகவேண்டும்.

இவற்றை அன்றிரவு ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பயமில்லை என்று தேற்றுவதற்காகத்தான் தொடங்கினேன். 'எட்டாம் நாள்' என்றதும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது, 1974இல், ஏழு வயதில் இறந்துபோனார் என்பதும் தெரியும். ஊர் எல்லைப் புளியமரத்துக் காற்று அடித்துவிட்டது என்பதே எங்கள் வீட்டில் சொல்லப்பட்டுவந்த காரணம். இன்றுவரை எங்கள் குடும்பத்தார் உச்சிவேளையில் அந்த மரத்தடியில் போவதில்லை; சுற்றிக்கொண்டுதான் போவோம். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை, ஆயாவும் சொன்னதில்லை. அன்று சொன்னார்.

"கால்ல கருவ முள்ளு ஏறிச்சி. நான்தான் ஊக்கால புடுங்கிப் போட்டேன். புண்ணும் ஆறிப்போச்சி. எட்டாம் நாளு சோறு ஊட்டுனா வாயி தெறக்கல. வெளையாட்டுக் காட்டுறான்னு நெனச்சேன். சாயந்தரம் வெளக்கு ஏத்துனதும் ஒடம்பு வில்லாட்டம் வளஞ்சிது. அதுக்கு மொத நாளுதான் அவங்க அப்பனக் கூட்டியாடான்னு உச்சி வேளையில அந்தப் பக்கம் அனுப்புனேன். நான் அனுப்புனதாலதான்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் இருக்கேன்."

ஐம்பது ஆண்டுகள்! வயலில் நாற்று நட்டபோதும், அப்பாவை வளர்த்தபோதும், எனக்குச் சோறு ஊட்டியபோதும் இதைச் சுமந்துகொண்டா இருந்தார்? என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். தாடை ஏன் முதலில் கட்டிக்கொள்கிறது, வெளிச்சம் பட்டால் ஏன் வளைகிறது, ஏன் எட்டாம் நாள், புண் ஆறினாற்போல் தெரிவது ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேர்வில்கூட அவ்வளவு கவனமாக விடை எழுதியதில்லை.

"அப்ப புளியமரம் இல்லியா?"

"இல்ல ஆயா."

"நான் அனுப்புனதால இல்லியா?"

"இல்ல ஆயா. நீ அனுப்பாம வீட்லயே வெச்சிருந்தாலும் வந்திருக்கும்."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "அந்த ஊசி அப்ப இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் பாதி உண்மை சொல்லி ஒரு பாரத்தை இறக்கிவிட்டு, பொய் சொல்லி மறுபாதியை மூட எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானியரான கிட்டசாட்டோ பெர்லினில் இந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தது 1889இல். மறு ஆண்டே அவரும் பெரிங்கும் சேர்ந்து அதன் நஞ்சுக்கு எதிர்ப்பொருள் உண்டு என்று காட்டினார்கள். 1920களில் பிரான்சில் தடுப்பூசிக்கு வழி பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு இலட்சக்கணக்கில் போட்டார்கள். ஆக, ஊசி இருந்தது. நம் நாட்டில் குழந்தைகளுக்கென்று விரிவான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978இல். இதை ஆயாவுக்குப் புரியும்படி சுருக்கிச் சொன்னேன்: "ஒலகத்துல இருந்துச்சி. நம்ம பக்கத்துக் கொழந்தைங்களுக்குன்னு வந்தது அதுக்கு நாலு வருசம் கழிச்சி."

"நாலு வருசமா" என்றார். விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. "அவனுக்குப் பதினொண்ணு ஆயிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பிரசவத்தோடும் பிறந்த குழந்தையோடும் தொற்றும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்ட செய்தியையும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். சொல்லவில்லை.

அப்பா இரண்டு நாளில் வெட்டுக்குப் போகவில்லை; ஐந்தாம் நாள் போனார். அந்த ஐந்து நாளும் எட்டாம் நாளும் ஆயா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் எழுந்ததும், "எங்க, ஆ காட்டு" என்பார். ஐம்பது வயதுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுவார். அடுத்த வாட்டி ஓடைக்குப் போகும்போது அப்பா தம்மிடமிருந்த முள்ளெல்லாவற்றிலும் எதிர்முள்ளைக் கொறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டார். அப்படிச் செய்தால் முள் குத்தினாலும் எளிதில் கழன்றுவிடும். பிடித்த மீனை மறுபடி தண்ணீரில் விடுகிறவர்கள் வெளிநாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் சொல்லப்போக, நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீனும் தப்பாது என்று அதையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அன்று மூன்று மீன் தப்பியது. அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை, முள்ளைத்தான் வைதார்.

எங்கள் ஊர் அங்கன்வாடியில் புதன்கிழமைதோறும் தடுப்பூசி போடுகிறார்கள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் என்று கைக்குழந்தைகளோடு தாய்மார் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆயா அந்த வாரம் காலையிலேயே போய்த் திண்ணை ஓரமாக உட்கார்ந்துவிட்டாராம். ஒவ்வொரு குழந்தையும் ஊசி குத்தியதும் வீறிட்டு அழ, "இது அந்த முள்ளுக்குப் போடுற ஊசிதானே?" என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டிருக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியர், "பாட்டி, நீங்க எந்தக் கொழந்தைக்கு வந்திருக்கீங்க?" என்று விசாரித்திருக்கிறார்.

"சும்மா பாக்க வந்தேன்" என்றாராம் ஆயா.